கோப்பையில் இல்லாத பெயர்

டெல் ஷ்ரோடர் விமானத்தின் இருக்கைக் குழிக்குள் இடுப்புவரை தலைகீழாக இறங்கியிருந்தார். வெளியே தெரிந்தது தேய்ந்த பூட்ஸும் காக்கிக் கால்சட்டையும்தான். அவர் முழுசாக உள்ளே சரிந்துவிடாமலிருக்க மகள் நோரீன் அவருடைய பெல்ட்டை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். உள்ளே டார்ச் வெளிச்சம் அங்குமிங்கும் அலைந்தது. கூடவே மூச்சு வாங்கும் சத்தம்.

"போதும்பா. ரெண்டு தடவை பாத்தாச்சு."

"மூணு தடவை பாக்கணும்."

"என்னதான் இருக்கப் போகுது உள்ள?"

"ஒண்ணும் இல்லைன்னு தெரியற வரைக்கும் ஏதோ இருக்குன்னுதான் அர்த்தம்."

பதினோரு வருஷமாக அவருடைய வேலை இது. வானத்தில் கரணம் அடிக்கும் விமானம் கவிழ்ந்து பறக்கும், செங்குத்தாக ஏறும், சுழன்றுகொண்டே விழும். உள்ளே மறந்துபோன ஒரு பத்து சென்ட் நாணயமோ பேனா மூடியோ கூரைக்கு மிதந்து, பிறகு வாலுக்குள் போய் விழும். அங்கேதான் விமானத்தை ஏற்றி இறக்கும் கம்பிகள் இருக்கின்றன. நாணயம் ஒரு கம்பிக்கும் கப்பிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் அதோடு முடிந்தது. அதனால் மனைவி வில்மா ஏறுவதற்கு முன் அவளுடைய பைகளை வெளியே இழுத்துப் பார்ப்பார். தரையைத் துழாவுவார். அதற்குப் பிறகுதான் அவளை உள்ளே உட்கார விடுவார்.

அவர் நிமிர்ந்தபோது முகம் சிவந்திருக்க வேண்டும். இவ்வளவு நேரம் தலைகீழாக இருந்தவருக்கு ரத்தம் ஏறியிருக்க வேண்டும். மாறாக, மழையில் கிடந்த சிமென்ட் மூட்டையின் நிறத்தில் இருந்தது. நோரீன் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். காரணம் அவளுக்குக் காலையிலேயே தெரிந்திருந்தது.

தங்கும் விடுதியில் குளியலறைக் கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. பல் துலக்கலாம் என்று தள்ளினாள். அப்பா குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, சுண்டுவிரல் அளவு பழுப்புக் கண்ணாடிக் குப்பியிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளா?" என்று கேட்டாள்.

"ஜூன்லேருந்து. பெரிசா ஒண்ணும் இல்லைன்னுட்டார் டாக்டர்."

"பெரிசா ஒண்ணும் இல்லாததுக்கா இந்த நெஞ்சு வலி மாத்திரை கொடுப்பாங்க? அம்மாவுக்குத் தெரியுமா?"

அவர் குப்பியை மூடிச் சட்டைப் பைக்குள் போட்டார். "இன்னைக்கு ஒரு நாள் பொறுத்துக்கோ நோரி. கடைசிப் பறத்தல். அவ எறங்கினதும் நானே சொல்றேன். இப்ப சொன்னா பறக்கமாட்டா. பறக்காம வீட்டுக்கு வந்து உக்காந்தா, ஆயுசு முழுக்க என் மூஞ்சியப் பாக்கறப்பல்லாம் அவளுக்கு அந்தக் கோப்பைதான் ஞாபகம் வரும்."

நோரீன் சரி என்று சொல்லவில்லை. தலையைக்கூட ஆட்டவில்லை. பல் துலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். அம்மா அடுத்த அறையில் கட்டிலில் உட்கார்ந்து பூட்ஸ் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவளிடமும் எதுவும் சொல்லவில்லை.

அந்தக் கோப்பை விமானங்களை நிறுத்தும் பெரிய ஹேங்கரில் வெள்ளைத் துணி விரித்த மேஜைமேல் இருந்தது. எஸ்டெல் மோர்லாண்ட் கோப்பை. தேசியப் போட்டியில் பெண்களில் அதிகப் புள்ளி எடுப்பவருக்கு வருஷா வருஷம் கொடுப்பது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் போட்டி ஒன்றுதான். நடுவர்கள் கீழே இருந்து பார்க்கும்போது உள்ளே இருப்பது யார் என்று தெரியாது. ஆனாலும் பெண் விமானிகளுக்கு இந்த வெள்ளிக் கிண்ணம் வேறு விஷயம். அதன் பீடத்தைச் சுற்றி இருபத்திரண்டு பெயர்கள் செதுக்கியிருந்தார்கள். வில்மா ஷ்ரோடர் ஐந்து முறை இரண்டாவதாக வந்திருக்கிறாள். "ரெண்டாவது எடத்துக்கு ஒரு கோப்பை வச்சிருந்தா செதுக்கற ஆளுக்கு வேலை சுலபம். ஒரே பேருதான்" என்று அவளே சிரிப்பாள்.

நேற்றுச் சாயங்காலம் டெல் மகளை அந்த மேஜைக்கு அழைத்துப் போனார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பெயர்களைப் படித்தார். பிறகு, தொடாமல், விரலால் நான்கு இடங்களைக் காட்டினார்.

"இவ. இவ. இதோ இவ. அப்புறம் இந்தப் பொண்ணு. இவளுக்கு முப்பத்தோரு வயசு. நான்தான் அன்னைக்கு அவ பாராசூட்டை மாட்டிவிட்டேன்."

"எல்லாரும் விழுந்து..."

"விழுந்து செத்தாங்க." விரலை மடக்கிக்கொண்டு, "வருஷா வருஷம் உங்கம்மா ரெண்டாவதா வர்றப்ப நான் ரொம்ப வருத்தமா மூஞ்சிய வச்சுப்பேன். அவ பேரு இதுல ஏற வேண்டாம்னுதான் உள்ளுக்குள்ள இருக்கும். இதை அவகிட்ட சொல்லிடாத" என்றார்.

இந்த வருஷம் இரண்டு சுற்று முடிந்த நிலையில் பெண்களில் வில்மாதான் முதலில் இருந்தாள். அவளுக்கு அறுபத்தொரு வயது. நெப்ராஸ்காவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். நாற்பது வயதில் பறக்கக் கற்றவள். இதுதான் கடைசி வருஷம், வீட்டுக்குப் போனதும் விமானத்தை விற்றுவிடுவதாகச் சொல்லியிருந்தாள். எப்போதும் கூப்பிடாத டெல் இந்த முறை ஒமாஹாவில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டு, "நீயும் வா" என்றிருந்தார். நோரீனுக்கு விமானம் என்றாலே பிடிக்காது. சின்ன வயதில் ஒரு கோடையில் அம்மா கவிழ்ந்து பறப்பதைப் பார்த்து வாந்தி எடுத்தவள். இருந்தும் வந்தாள்.

அன்று காலை ஒன்பதரைக்கே பறந்திருக்க வேண்டும். பிணந்தின்னிக் கழுகுகள் வந்துவிட்டன. ஏழெட்டு இருக்கும். நடுவர்களுக்கு எதிரே விமானங்கள் கரணம் போட வேண்டிய இடத்திலேயே சாவகாசமாக வட்டமடித்தன. ஒருவர் டிரக்கை ஓட்டிப் போய் ஹாரன் அடித்துப் பார்த்தார். அவை இன்னும் கொஞ்சம் மேலே ஏறி வட்டத்தைத் தொடர்ந்தன. காற்றுத்திசை காட்டும் துணிக்குழல் கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு தொங்கியது. கான்சாஸின் செப்டம்பர் வெயில் ஓடுபாதைத் தாரைக் கொதிக்கவைத்தது. நாற்பது நிமிஷம் எல்லோரும் காத்துக்கிடந்தார்கள்.

வில்மா அந்த நேரம் முழுவதும் கண்ணை மூடிக்கொண்டு புல்லில் நடந்தாள். கைகளை விமானமாக்கி ஏற்றினாள், சாய்த்தாள், புரட்டினாள். நேற்று மாலைதான் நடுவர்கள் தாளில் வரைந்து கொடுத்த கரண வரிசை. யாரும் ஒருமுறைகூடப் பறந்து பழகியிராதது. அதைக் காலில் நடந்துதான் மனப்பாடம் செய்ய முடியும். டெல் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து அவளையே பார்த்தார். ஒருமுறை இடது முழங்கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"தண்ணி குடிங்கப்பா."

"குடிச்சேன்."

"இன்னும் குடிங்க."

கழுகுகள் போன தகவல் வந்தது. வில்மா ஏறினாள். பாராசூட்டோடு உட்கார்ந்தால் அந்தக் குழியில் மூச்சுவிட மட்டும்தான் இடம். இடுப்புப் பட்டையின் கடைசி இறுக்கத்தை உட்கார்ந்தவரே போட முடியாது. வெளியே நிற்பவர்தான் உள்ளே கவிழ்ந்து பட்டையின் பற்சக்கரப் பிடியை நெம்ப வேண்டும். டெல் இறக்கையின்மேல் முழங்காலிட்டுக் குனிந்தார். விளிம்பில் மார்பு அழுந்தியது. சட்டைப் பையின் பொத்தான் போடாமல் இருந்தது. நோரீன் அதைப் பார்த்தாள். பார்த்தது அப்போது மனதில் நிற்கவில்லை.

"இன்னும்" என்றாள் வில்மா.

"இதுக்கு மேல இழுத்தா ரெண்டா போயிடுவ."

"போனா போறேன். இன்னும் ஒரு பல்."

அவர் நெம்பினார். அவருடைய கழுத்து நரம்பு புடைத்தது. "போதுமா மகாராணி?"

"போதும்." வில்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "என்ன இப்படி வேர்க்குது?"

"வெயிலு வில்மா. உனக்கு வேர்க்கலையா?"

ஒரு நொடி அவர் முகத்திலேயே அவள் பார்வை நின்றது. பிறகு கண்ணாடி மூடியை இழுத்துச் சாத்தினாள்.

விமானம் ஓடி, ஏறி, சின்னதாகி, தெற்கே போய்த் திரும்பியது. நாற்காலிகள் ஹேங்கரின் நிழல் ஓரத்தில் இருந்தன. இடது கைப்பக்கம் முந்நூறு அடி தள்ளி ஓடுபாதை முனையில் ஒரு குடைக்கு அடியில் ஹால்வர் என்கிற ஆள் உட்கார்ந்திருந்தார். விமானிகளை ஒவ்வொருவராக அனுப்புபவர். மேலே பேசும் ரேடியோ அவரிடம் இருந்தது. ஆம்புலன்ஸ் வலது கைப்பக்கம், நடுவர் கூடாரத்துக்கும் அப்பால்.

விமானம் இறக்கையை மூன்று முறை ஆட்டியது. தொடங்கப் போகிறேன் என்று நடுவர்களுக்குச் சொல்வது.

"ஆரம்பிச்சுட்டா" என்றார் டெல். அடுத்த நொடி, "ம்" என்று ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது. பேச்சு இல்லை அது. வலது கை சட்டைப் பைக்குப் போனது. பைக்குள் துழாவியது. மறு பையையும் துழாவியது. குனிந்து காலடியில் பார்த்தார்.

நோரீன் எழுந்துவிட்டாள். நாற்காலிக்கு அடியில், புல்லில், தண்ணீர்ப் பெட்டிக்குப் பின்னால் தேடினாள். "எங்க வச்சீங்க? கார்லயா? கார் சாவி குடுங்க."

அவர் அவளைப் பார்க்கவில்லை. மேலே பார்த்துக்கொண்டிருந்தார். விமானம் செங்குத்தாக ஏறிக்கொண்டிருந்தது. உச்சியில் நின்று, மெல்லக் கவிழ்ந்தது.

"உள்ள விழுந்துடுச்சு" என்றார்.

"என்ன?"

"பட்டையை இழுத்தப்ப. உள்ள விழுந்துடுச்சு நோரி." வார்த்தைகளுக்கு நடுவே மூச்சைத் தேட வேண்டியிருந்தது. "ஹால்வர்கிட்ட ஓடு. நிறுத்தச் சொல்லு."

"உங்களுக்கு முதல்ல ஆம்புலன்ஸ்..."

"ஓடு."

அவள் அப்பா சத்தம் போட்டு அவள் கேட்டதே இல்லை. இப்போதும் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அவள் ஓடினாள். இடது பக்கமாக ஓடினாள்.

முந்நூறு அடி. செருப்பு ஒன்று கழன்றது. தலைக்கு மேலே என்ஜின் சத்தம் ஏறுவதும் அறுபடுவதுமாக இருந்தது. ஒவ்வொரு முறை அறுபடும்போதும் அவள் கழுத்தைக் குறுக்கிக்கொண்டாள். மேலே பார்க்கவில்லை.

"எங்கம்மாவ நிறுத்துங்க. மாத்திரை பாட்டில் ஒண்ணு உள்ள விழுந்து கிடக்கு."

ஹால்வர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ரேடியோவை வாயருகே வைத்தார். "வில்மா, நிறுத்து. நிமிர்த்தி நேரா பற. உள்ள ஏதோ விழுந்து கிடக்குது. கவிழ்க்காத, மெதுவா எறங்கி வா."

அப்போதுதான் நோரீன் நிமிர்ந்தாள். விமானம் மூக்கு கீழே பார்க்க, சுழன்றுகொண்டே நேராக இறங்கிக்கொண்டிருந்தது. சுழற்சி நின்றது. ஆனால் இறங்குவது நிற்கவில்லை. ஓடுபாதை ஓரத்தில் யாரோ எழுந்து நின்றார்கள். பிறகு மூக்கு கொஞ்சம் கொஞ்சமாக, மெதுவாக நிமிர்ந்தது. விமானம் மட்டமானது. சோள வயல்களுக்கு மேலே, வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவரைப்போலச் சாதாரணமாகப் பறந்தது.

"எறங்கிடுவா" என்றார் ஹால்வர். "நல்ல வேளை வந்து சொன்ன."

"அப்பாவுக்கு நெஞ்சு வலி" என்றாள் நோரீன். "அங்க உக்காந்திருக்காரு. ஆம்புலன்ஸ் வேணும்."

ஹால்வர் ரேடியோவை வாயருகே கொண்டுபோனார். ஒரு கணம் அவளைப் பார்த்தார். "அதை முதல்ல சொல்லியிருக்கக் கூடாதாம்மா" என்றார். குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. அவர் நல்ல மனிதர்.

அவள் திரும்பி ஓடி வருவதற்குள் ஆம்புலன்ஸ் வந்திருந்தது. டெல் நாற்காலியில்தான் இருந்தார். தொப்பி புல்லில் கிடந்தது. முகவாய் உயர்ந்து முகம் மேல்நோக்கி இருந்தது. அவர்கள் அவரைத் தரையில் படுக்கவைத்துச் சட்டையைக் கிழித்தார்கள். வேலை தெரிந்தவர்கள், வேகமாகச் செய்தார்கள். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அதே வேகத்தில் செய்யவில்லை.

வில்மா விமானத்தை ஹேங்கர் முன்னால் கொண்டுவந்து நிறுத்தி மூடியைத் திறந்ததும், "யாரு நிறுத்தச் சொன்னது? என்ன விழுந்து கிடக்குது? டெல் மூணு தடவை பாத்தாரு" என்றாள். பட்டையை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள். பிறகு அவளுடைய கைகள் நின்றன.

பதினொரு மைல் தள்ளி இருந்த ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர், தெரிந்திருந்ததைத் திரும்பச் சொன்னார். ஒரு தாளில் வில்மா கையெழுத்துப் போட்டாள். பாராசூட் வார்களின் அச்சு இன்னும் அவள் சட்டையில் சுருக்கங்களாகப் பதிந்திருந்தது. தாயும் மகளும் நடைவழியில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். காப்பி இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது.

மதியத்துக்கு மேல் ஹால்வர் வந்தார். தொப்பியைக் கையில் வைத்திருந்தார். வாலைத் திறந்து பார்த்ததாகச் சொன்னார். குப்பி அங்கே இருந்திருக்கிறது. உடைந்து, மாத்திரையெல்லாம் பொடியாகி, கம்பி திரும்புகிற இடத்துக்குப் பக்கத்தில்.

"மாட்டியிருக்குமா?" என்று கேட்டாள் வில்மா.

"இன்னொரு தடவை கவிழ்த்திருந்தா மாட்டியிருக்கலாம். மாட்டாமலும் போயிருக்கலாம். நான் என்ன சொல்றது வில்மா."

அவர் தொப்பியைக் கையில் திருப்பினார். "நாங்கதான் நிறுத்தினோம். அதனால விதிப்படி உனக்கு மறுபடி ஒரு வாய்ப்பு உண்டு. நாளைக்குக் காலைல பத்து மணி வரைக்கும். சொல்ல வேண்டியது என் கடமை. அதான் சொன்னேன்."

"சொல்லிட்ட இல்ல" என்றாள் வில்மா. அவர் போய்விட்டார்.

ஒரு தாதி வந்து சாப்பிட ஏதாவது வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனாள். நோரீன் தன் கால்களைப் பார்த்தாள். ஒன்றில்தான் செருப்பு இருந்தது.

"உனக்குக் காலைலயே தெரியும்" என்றாள் வில்மா. கேள்வியாகக் கேட்கவில்லை.

"தெரியும்."

"சொல்ல வேணாம்னாரா?"

"நீ எறங்கினதும் அவரே சொல்றேன்னாரு."

வில்மா தலையை ஆட்டினாள். எதிர்ச் சுவரைப் பார்த்தபடி, "ஜூலைலயே பாத்துட்டேன். அவரோட காலுறைக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தாரு. துவைக்கப் போட எடுத்தேன், கைல வந்துச்சு. அதே மாதிரி சுருட்டி உள்ளேயே வச்சிட்டேன்" என்றாள்.

நோரீன் திரும்பிப் பார்த்தாள்.

"அவரே சொல்லட்டும்னு இருந்தேன். அப்புறம், செப்டம்பர் முடியட்டும்னு இருந்தேன்." அவள் குரல் மாறவே இல்லை. "காலைல வேர்த்து ஊத்தறத பாத்தேன். மூடியைச் சாத்திக்கிட்டேன்."

காப்பி இயந்திரம் நின்றது. எங்கோ ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"கடைசியா என்ன சொன்னாரு?"

நோரீன் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "ஓடுன்னாரு."

வில்மா எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. நோரீனும் சொல்லவில்லை.

மறுநாள் காலை பத்து மணி விடுதி அறையில் கடந்தது. வில்மா டெலுடைய துணிகளை ஒவ்வொன்றாக மடித்துப் பெட்டியில் வைத்தாள். கடிகாரத்தை ஒரே ஒரு முறை பார்த்தாள். அப்போது பத்தேகால்.

சாயங்காலம் கோப்பையை வாங்கிய பெண் நேராக விடுதிக்கு வந்தாள். பெயர் கோரின். இருபத்தேழு வயது இருக்கும். விருந்துக்குப் போட்ட நீலக் கவுனோடு, அந்தப் பெரிய வெள்ளிக் கிண்ணத்தைக் குழந்தைபோல இடுப்பில் இடுக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். அழுதிருந்தாள்.

"இது உங்களோடது மிசஸ் ஷ்ரோடர். என்னால வச்சுக்க முடியாது."

"முடியும். வச்சுக்கோ."

"நீங்க பறந்திருந்தா..."

"நான் பறக்கல. நீ பறந்த. நாலாவது கரணத்துல நேர்க்கோட்டை ரொம்ப நீளமா இழுத்துட்டன்னு ஹால்வர் சொன்னான். அடுத்த வருஷம் அதைப் பாத்துக்கோ." கதவைச் சாத்தப் போனவள், நின்று, "உள்ள ஏறறதுக்கு முன்னாடி உனக்கு யாரு தரையைத் தேடித் தர்றாங்க?" என்று கேட்டாள்.

"நானேதான்."

"யாரையாவது பாக்கச் சொல்லு" என்றாள் வில்மா.

அதற்கும் மறுநாள் டெலின் உடலை வீட்டுக்குக் கொண்டுபோக வண்டி வந்தது. முந்நூறு மைல். வண்டியோட்டி ஷ்ரோடர்களின் ஊர்க்காரர், மேற்சட்டை போட்ட மரியாதையான மனிதர். விமானத்தை அங்கேயே விட்டுவிடலாம், யாராவது பிறகு கொண்டுவந்து சேர்ப்பார்கள் என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். வில்மா கேட்கவில்லை. "அதை ஓட்டிட்டு வந்தவ நான். நான்தான் கொண்டுபோகணும்" என்றாள்.

"என்கூடக் கார்ல வாம்மா" என்றாள் நோரீன். "தயவுசெஞ்சு."

"நீ அவருக்குப் பின்னாலேயே போ. நடுவுல பெட்ரோல் போட எறங்கணும், நான் வந்துடுவேன்."

நோரீன் இடுப்புப் பட்டையை நெம்பிவிட்டாள். எவ்வளவு இறுக்க வேண்டும் என்று தெரியவில்லை. அம்மா போதும் என்றும் சொல்லவில்லை, இன்னும் என்றும் சொல்லவில்லை.

சாலை வடக்கே நேராகப் போனது. இருபுறமும் சிவந்து முற்றிய சோளம், அறுத்த வயல்கள், மறுபடி சோளம். கறுப்பு வண்டி அவளுக்கு முன்னால் ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. அவள் ரேடியோவைப் போடவில்லை. ஜன்னல் கண்ணாடியை இறக்கி வைத்திருந்தாள்.

மாநில எல்லைக்குக் கொஞ்சம் முன்னால், தானியக் கிடங்கும் பெட்ரோல் பங்கும் மட்டுமே இருந்த ஒரு ஊரில் வண்டி நின்றது. வண்டியோட்டி இறங்கி வந்து, நிழலில் நிறுத்தலாமா என்று அவளிடம் அனுமதி கேட்டார். கிடங்கின் சுவரோரம் நிறுத்தினார். உள்ளே போய் இரண்டு காப்பி வாங்கி வந்து ஒன்றை அவளிடம் நீட்டினார்.

"சக்கரை போடலை. வேணுமான்னு தெரியலை."

"பரவாயில்லை."

தெற்கிலிருந்து சத்தம் வந்தது. முதலில் கொஞ்சமாக, பிறகு அந்தச் சிறிய என்ஜினின் கரகரப்பு தெளிவாகவே கேட்டது. வண்டியோட்டி கையை நெற்றிக்கு மேல் வைத்து அண்ணாந்தார். "தாழப் பறக்கிறாங்களே" என்றார்.

நோரீன் காப்பிக் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். நிமிரவில்லை. பெட்ரோல் பங்கின் தகரக் கூரையில், வெள்ளைக் கிடங்குச் சுவரில், கறுப்பு வண்டியின்மேல் நிழல் விழுந்து விலகியது. சாலையைத் தாண்டிச் சோளக் கதிர்களின் தலைமேல் வடக்கே ஓடியது. அது சின்னதாகி மறையும்வரை அவள் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.